செத்த காலேஜா? உயிர்க் காலேஜா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மியூசியம் என்பதாகும். பொருட்காட்சி சாலை என்றும், அருங்காட்சியகம் என்றும் இதைச் சொல்லுகின்றோம். இதைக் கேட்டவுடனே சிலர், "நாட்டில் எத்தனையோ தொல்லைகள் இருக்க, கல்லையும் ஓட்டையும் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பிரசங்கமா?" என்று நினைக்கக் கூடும். வேறு சிலர், "அங்கே போனால் கால் வலிக்கும், கொட்டாவி வரும், அதற்கு மேல் என்ன இருக்கின்றது?" என்று கேட்கக் கூடும். முதல் கேள்விக்குக் கடைசியில் பதில் சொல்லுகின்றோம். இரண்டாவது கேள்வியை இப்பொழுதே எடுத்துக் கொள்வோம். கொட்டாவி ஏன் வருகின்றது? அது பார்க்கிறவனுடைய குற்றமா? பொருளினுடைய குற்றமா? அல்லது இவ்விரண்டுக்கும் நடுவிலே நிற்கின்ற வேறொன்றின் குற்றமா? இதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

சென்னை ஜனங்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வெகு காலமாய் "செத்த காலேஜ்" என்றும், மிருகக் காட்சி சாலைக்கு "உயிர்க் காலேஜ்" என்றும் பெயர் வைத்திருந்தார்கள். "காலேஜ்" என்று ஏன் சொன்னார்கள் என்றால், அந்த மியூசியம் 1851-ஆம் வருஷத்தில் நுங்கம்பாக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில்தான் துவங்கிற்று. பால்பர் என்னும் டாக்டர் அதன் முதல் அதிகாரி. 1854-இல் அது எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறிற்று. அடுத்த வருஷம் அந்த பால்பர் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் கொண்டு வந்து வைத்தார். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 1863-இல் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985-இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. உயிர்க் காலேஜ் இப்படி ஊர் ஊராய்ப் போய்விட்டது. செத்த காலேஜ் மட்டும் எழும்பூரிலேயே இருக்கின்றது.

இந்தப் பெயரைப் பாமரர்களின் பரிகாசம் என்று படித்தவர்கள் தள்ளி விடுகின்றார்கள். நாம் அப்படித் தள்ள மாட்டோம். ஜனங்கள் தங்கள் கண்ணுக்குப் பட்டதை ஒளிக்காமல் சொன்னார்கள். புலி உறுமுகின்றது, குரங்கு தாவுகின்றது, அவற்றைப் பார்க்க ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கல்லோ பேசுவதில்லை. பேச வைக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று பேச வைத்ததுமில்லை. பேசாத பொருளைச் செத்த பொருள் என்று சொன்னதில் என்ன பிசகு?

அலுப்பு யாருடைய குற்றம்?

தோழர்களே! இந்த அலுப்பு நம் நாட்டாருக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணிவிட வேண்டாம். லண்டன் நகரத்துப் பிரிட்டிஷ் மியூசியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 1753-இல் பார்லிமெண்டு சட்டத்தினால் ஏற்பட்டு, 1759-இல் திறக்கப்பட்டது. பணம் வாங்குவதில்லை என்பது விதி. ஆனால் அந்தக் காலத்தில் உள்ளே போக வேண்டுமானால் முன்கூட்டி எழுதிக் கொடுத்து, அனுமதிச் சீட்டு வாங்கி, குறித்த நாளில் குறித்த மணிக்கு வர வேண்டும். கூட்டிக் கொண்டு போகின்றவர் பின்னாலேயே சிறு கூட்டமாக ஓட வேண்டும்.

வில்லியம் ஹட்டன் என்பவர் ஏழை வீட்டுப் பிள்ளை. ஏழு வயதிலேயே டெர்பி ஊர்ப் பட்டு ஆலையில் வேலைக்கு விடப்பட்டவர். பிறகு தானாகவே படித்து, பர்மிங்காமில் புஸ்தகக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். அவர் 1784-இல் லண்டனுக்குப் போனபோது, இந்த மியூசியத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிற ஆசையினால், ஒருவரிடத்தில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் கொடுத்துச் சீட்டு வாங்கினார். உள்ளே போனார். சுமார் அரை மணி நேரத்தில் எல்லா அறைகளையும் கடந்து வெளியே தள்ளப்பட்டார். ஒன்றிரண்டு சங்கதிகளைக் கேட்டதற்கு, எல்லாவற்றையும் நான் சொல்லிக் கொண்டிருக்க முடியுமா என்கிற தோரணையில்தான் அந்த வழிகாட்டி பதில் சொன்னார். ஹட்டன் ஏமாற்றத்தோடு திரும்பினார். அதை எழுதியும் வைத்தார்.

இவருக்கு ஆசை இல்லையா? அறிவு இல்லையா? இரண்டும் இருந்தன. பின்னே ஏன் பலன் இல்லை? கேட்க விடவில்லை, நிற்க விடவில்லை. அவ்வளவுதான்.

இன்னொரு அத்தாட்சியும் சொல்லுகின்றோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கலைக் காட்சி சாலையின் காரியதரிசியாயிருந்த பெஞ்சமின் கில்மன் என்பவர், மியூசியத்தில் ஏன் களைப்பு வருகின்றது என்பதையே ஒரு ஆராய்ச்சியாக எடுத்துக் கொண்டு 1916-இல் கட்டுரை வெளியிட்டார். பெட்டிகளில் உள்ள பொருள்களைப் பற்றிச் சில சுலபமான கேள்விகளை ஒரு மனிதரிடம் கொடுத்து, அவற்றுக்குப் பதில் கண்டு வரச் சொன்னார். அவர் பார்க்கின்ற போதெல்லாம் படம் பிடித்தார். படத்தில் என்ன தெரிந்தது? அந்த மனிதர் ஒரு பெட்டியின் முன் குனிகின்றார். ஒன்றின் முன் குந்துகின்றார். ஒன்றைப் பார்க்கக் கழுத்தை நீட்டுகின்றார். பொருள் கண்ணுக்கு நேராக இல்லை. சீட்டு படிக்கும்படியாக இல்லை. களைப்பு எங்கிருந்து வந்தது? பெட்டியைச் செய்து வைத்தவர்களிடமிருந்து வந்தது. ஆனால் பழி யார் மேல் விழுகின்றது? "ஜனங்களுக்கு ரசனை இல்லை" என்று ஜனங்கள் மேல் விழுகின்றது.

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மியூசியத்துக்கு அழைத்துப் போவதைப் பாருங்கள். இரண்டிரண்டு பேராய்க் கைகோத்து வரிசை. "தொடாதே! நிற்காதே! பேசாதே! நட!" இந்த நான்கு மந்திரங்கள்தான் அன்றையப் பாடம். ஒரு பிள்ளை திமிங்கில எலும்பின் முன் வாயைப் பிளந்து நின்றால், பின்னால் இருந்து தள்ளுகின்றார்கள். ஹட்டனுக்கு நடந்தது இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் பிள்ளைகளுக்கு நடக்கின்றது. பெரியவனான பிறகு அவன் "மியூசியமா? போர்!" என்று சொன்னால் அதில் ஆச்சரியம் என்ன?

தரிசனம் வேறு, பார்வை வேறு

நிற்க. மேலே சொன்னது நடத்துகின்றவர்களின் குற்றம். நம் பக்கத்துக் குற்றம் ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. கோயிலுக்குப் போய்ப் பழகிய காலைக் கொண்டே நாம் மியூசியத்துக்குள் நுழைகின்றோம் என்பதுதான் அது. வாசலில் நுழைவது, ஒரு சுற்றுச் சுற்றுவது, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கணம் நிற்பது, ஒன்றும் கேட்காமல் வெளியே வருவது, "பார்த்தாகிவிட்டது" என்று சொல்வது. இதற்குப் பெயர் தரிசனம். தரிசனத்துக்குக் கேள்வி தேவையில்லை. பார்வைக்குக் கேள்விதான் உயிர்.

எழும்பூர் மியூசியத்தில் செப்பும் பிற உலோகங்களும் சேர்த்து வார்த்த விக்கிரகங்கள் நிறைய இருக்கின்றன. அங்கேயும் சிலர் கன்னத்தில் போட்டுக் கொண்டு நகர்ந்து விடுகின்றார்கள். கோயிலில் அதே விக்கிரகத்தைப் பட்டும், மாலையும், விளக்குப் புகையும் மூடியிருக்கும். முகத்தை மட்டும் தூரத்திலிருந்து காணலாம். மியூசியத்திலோ முழு உருவத்தையும் கிட்டே நின்று காணலாம். சிலவற்றைப் பின் பக்கமும் போய்ப் பார்க்கலாம். பின் பக்கத்தில் சடையை எப்படி முடிந்திருக்கிறான், முதுகை எப்படி வளைத்திருக்கிறான் என்று பார்த்தால், தெய்வத்துக்கு முன்னே ஒரு மனிதன் தெரிவான். அவன்தான் வார்த்தவன்.

அவன் எப்படிச் செய்தான்? தேன் மெழுகோடு குங்கிலியம் சேர்த்து, முதலில் முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்தான். அதன் மேல் நைந்த வண்டல் மண்ணைப் பூசி, மேலும் மேலும் மண் சாத்தி உலர்த்தினான். பிறகு சூடு காட்ட, மெழுகு உருகி ஓடிற்று. உள்ளே வெற்றிடம் நின்றது. அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண்ணை உடைத்தான். ஒரு அச்சில் ஒரு உருவம்தான்; அச்சு அதோடு போயிற்று. கை பிசகினால் மாதக் கணக்கான வேலை மண்ணாய்ப் போகும். பீடத்தில் ஓட்டையும் வளையமும் இருந்தால், அவை எதற்கு என்று கேளுங்கள். தண்டைச் சொருகி வீதியில் தூக்கிப் போவதற்கு. தூக்கினவர்கள் யார்? ஒதுங்கி நிற்கச் சொல்லப்பட்டவர்கள் யார்? ஒரு ஓட்டையிலிருந்து ஒரு ஊரின் கதையே வெளியே வருகின்றது.

இன்னொன்றும் யோசியுங்கள். இவற்றில் பல எங்கிருந்து மியூசியத்துக்கு வந்தன? பூமிக்கடியிலிருந்து வந்தன. ஏதோ ஒரு காலத்தில் பயந்து புதைத்து வைத்தவை, உழுகிறவனுடைய கொழுவிலும், கிணறு தோண்டுகிறவனுடைய கடப்பாரையிலும் தட்டுப்பட்டன. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி அவை கலெக்டரிடம் போய், அங்கிருந்து மியூசியத்துக்கு வந்தன. வார்த்தவன் தொழிலாளி, கண்டெடுத்தவன் உழவன். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் மட்டும், இது நமக்குப் புரியாத பெரிய இடம் என்று வாசலில் தயங்குகின்றோம்!

கோயில் வாசலில் நம்மில் பலரை நிறுத்தி வைத்தார்கள். உள்ளே விடுவதற்கு இந்தச் சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. மியூசியமோ பொதுப் பணத்தில் பொது ஜனங்களுக்காக ஏற்பட்டது. பிரெஞ்சு தேசத்தில் ராஜாவின் அரண்மனையாயிருந்த லூவர், ராஜாவின் ஆட்சி கவிழ்ந்து சரியாக ஒரு வருஷம் ஆன அன்று, அதாவது 1793 ஆகஸ்டு 10-இல், பொது ஜனங்களின் காட்சி சாலையாகத் திறக்கப்பட்டது. ராஜா மட்டும் பார்த்ததைச் செருப்புத் தைக்கிறவனும் பார்க்கலாம் என்பதுதான் அந்தத் திறப்பின் பொருள். இப்படிப்பட்ட ஒரு வாசல் திறந்திருக்க, "அலுப்பாயிருக்கிறது" என்று நாமே வெளியே நின்றுவிட்டால், அது பிறர் வைத்த தடையைக் காட்டிலும் மோசமான தடையாகும்.

ஒரு கல்லும் ஒரு காலி ஆசனமும்

இனி, கேள்வியோடு பார்த்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லுகின்றோம்.

சென்னைக்குப் பக்கத்தில், விமானங்கள் இறங்கும் மீனம்பாக்கத்துக்கு அடுத்தாற்போல் பல்லாவரம் இருக்கின்றது. 1863 மே 30-ஆம் தேதியில் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் ஆராய்ச்சியாளர் அங்கே சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். தானாக உடைந்த கல் அல்ல. மனிதன் தட்டிச் செதுக்கிய கல் என்று கண்டு கொண்டார். நம் நாட்டில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சிகளில் அது ஒன்று. அவர் சேர்த்த தொகுதியை 1904-இல் சென்னை அரசாங்கம் வாங்கி மியூசியத்தில் சேர்த்தது.

கண்ணாடிப் பெட்டியில் அந்த மாதிரிக் கற்கள் இருக்கின்றன. கேள்வியில்லாமல் போகிறவனுக்கு அது ஜல்லி. கேள்வியோடு போகிறவன் என்ன பார்ப்பான்? ஒரு பக்கம் தடித்திருக்கின்றது. அது உள்ளங்கையில் உட்காருவதற்கு. மறு பக்கம் கூராயிருக்கின்றது; அது வெட்டுவதற்கு. இரண்டு முகத்திலும் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்த தழும்பு இருக்கின்றது. எந்த இடத்தில் அடித்தால் எப்படித் தெறிக்கும் என்று தெரிந்தவன் அடித்த அடி அது. இதே மாதிரிக் கருவிகள் கிடைக்கும் அத்திரம்பாக்கத்தில் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளிவந்தது. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் என்று அது கணக்கிட்டிருக்கின்றது. தோழர்களே! 15 லட்சம் வருஷம்! அன்றைக்கு வேதமும் இல்லை, ஜாதியும் இல்லை. நம்மைப் போன்ற மனித இனமே இன்னும் தோன்றவில்லை. நமக்கு முந்திய ஒரு இனம், கொசஸ்தலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து யோசித்துக் கல்லைத் தட்டியிருக்கின்றது. இதைப் பார்த்தும் ஒருவனுக்குக் கொட்டாவி வருமா?

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தைச் சேர்ந்த கற்கள் அவை. ஒரு ஜமீன்தார் வீடு கட்டக் கல் தேடியபோதுதான் அந்த மேடு வெளிப்பட்டது. பல கற்கள் சுண்ணாம்புக்காகச் சுடப்பட்டன. 1845-இல் வால்டர் எலியட் என்னும் அதிகாரி தோண்டிச் சென்னைக்கு அனுப்பிய கற்கள், வெயிலிலும் மழையிலும் வருஷக் கணக்கில் கிடந்தன. பிறகு அவற்றில் பெரும் பகுதி கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது. பின்னால் கிடைத்தவை எழும்பூரில் இருக்கின்றன. அந்தச் சிற்பங்களில் பழைய காலத்தவை சிலவற்றைப் பாருங்கள். ஜனங்கள் கூடி நிற்கின்றார்கள். நடுவில் ஒரு ஆசனம். ஆசனத்தில் ஆள் இல்லை. ஒரு மரம், ஒரு சக்கரம், இரண்டு பாதச் சுவடு, அவ்வளவுதான். ஏன்? அக்காலத்துச் சிற்பிகள் புத்தரை மனித உருவமாகக் காட்டாமல் அடையாளங்களாலேயே காட்டினார்கள். பிற்காலத்துக் கற்களில் புத்தர் உருவமாகவே வந்து நிற்கின்றார். உருவம் இல்லாதிருந்த இடத்தில் உருவம் எப்படி வந்தது, ஏன் வந்தது என்கிற பெரிய கேள்வி, இரண்டு கற்களுக்கு நடுவே நான்கு அடி தூரத்தில் கிடக்கின்றது. பத்துப் புஸ்தகம் படித்தாலும் எழாத கேள்வி, ஒரு காலி ஆசனத்தைப் பார்த்தால் எழுகின்றது.

தொழிலாளியின் கண்

"இதெல்லாம் படித்தவனுக்குத்தானே?" என்று கேட்கலாம். இல்லை என்றே சொல்லுகின்றோம். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் சில வருஷங்கள் தோண்டியெடுத்த தாழிகளும், இரும்புக் கருவிகளும், பொன் நெற்றிப் பட்டங்களும் எழும்பூரில் இருக்கின்றன. ஒரு பி.ஏ. பட்டதாரியும் ஒரு குயவரும் சேர்ந்து போனால், தாழியின் முன் யார் ஆசிரியர்? அவ்வளவு பெரிய பானையைச் சக்கரத்தில் வனைய முடியுமா, கையால் எடுக்க வேண்டுமா, எத்தனை நாள் உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் குயவருக்குத்தான் தெரியும். கிண்ணம் உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருப்பது ஏன் என்றால், சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் படாமல் கறுக்கும் என்று அவர் சொல்லிவிடுவார். கொல்லருக்கு இரும்பும், நெசவாளிக்குத் தக்களியும், தட்டாருக்குப் பொன் பட்டமும் அப்படியே பேசும்.

கீழடியை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பானை, வளையல், தக்களி, பகடைக்காய், ஓட்டை வட்டமாய்த் தேய்த்த சில்லு, இவைதான் அங்கே காட்சி. சில்லைப் பார்த்த குழந்தை, "நாங்கள் ஆடுகிற பாண்டிச் சில்லு!" என்று கூவுகின்றது. அந்தக் குழந்தைக்கு அலுப்பு உண்டா? பானை ஓட்டிலே "ஆதன்" என்று பேர் கீறியிருக்கின்றது. அங்குள்ள பழைய அடுக்கு கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை சொல்லுகின்றது. பானை வைத்திருந்த ஒருவன் தன் பேரைத் தானே எழுதிக் கொண்டான் என்றால், எழுத்து அன்றைக்கு யார் கையில் இருந்தது? பின்னால் யார் கையிலிருந்து யார் பிடுங்கினார்கள்? வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் இதைப் பேசலாமே!

செய்ய வேண்டியவை

ஆகவே, மியூசியத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். பந்தியில் உள்ள எல்லாப் பலகாரத்தையும் ஒருவன் தின்றால் அஜீரணம்தான். ஒரு நாளைக்கு ஒரு அறை, ஒரு அறையில் மூன்று பொருள் போதும். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, இது எதனால் செய்தது, யார் செய்தது, யாருக்கு உபயோகப்பட்டது, இங்கே எப்படி வந்தது என்று நான்கு கேள்வி கேளுங்கள். சீட்டில் பதில் இல்லாவிட்டால் சிப்பந்திகளைக் கேளுங்கள். கால் வலித்தால் வெட்கப்படாமல் உட்காருங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். காணும் பொங்கலன்று கூட்டத்தோடு தள்ளுப்பட்டு வருவதோடு நின்றுவிடாமல், சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் போங்கள்.

நடத்துகின்றவர்களுக்கும் சில வார்த்தை. "செம்பு, 11-ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் எழுதிய சீட்டு, எழுதாத சீட்டுக்குச் சமானம். நாலு வரி நல்ல தமிழில், கண்ணுக்கு நேராக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். அறைக்கு இரண்டு பெஞ்சு போடுங்கள். அமெரிக்காவில் நியூவார்க் நகரத்தில் 1909-இல் மியூசியம் ஏற்படுத்திய ஜான் காட்டன் டேனா என்னும் புஸ்தகசாலை அதிகாரி, கடையில் விற்கும் மலிவான சாமான்களையும் காட்சிக்கு வைத்தார். அப்படி ஏரும், தறியும், உலையும் நம் காட்சி சாலைகளில் இன்னும் தாராளமாக இடம் பெறட்டும்; அவற்றைப் பிடித்தவர்களே வந்து விளக்கட்டும்.

கடைசியாக, முதலில் விட்ட கேள்வி. வயிற்றுக்கில்லாதவனுக்கு மியூசியம் எதற்கு? தோழர்களே! நம்மை ஏழையாக வைத்தவர்கள் முதலில் நமக்கு ஒரு கதை சொன்னார்கள். நீ ஆதி முதல் இப்படித்தான் இருந்தாய், இனியும் இப்படித்தான் இருப்பாய் என்பதே அந்தக் கதை. அந்தக் கதை பொய் என்பதற்குச் சாட்சிகள் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருக்கின்றன. சாட்சிக் கூண்டில் நிற்கிறவனைக் கேள்வி கேட்காமல் வழக்கை எப்படி ஜெயிப்பது? கேட்காதவரையில் அது செத்த காலேஜ்தான். கேட்டால் அதைவிட உயிருள்ள காலேஜ் வேறில்லை.

நாம் சொன்னதற்காக இதை நம்ப வேண்டாம். நம்புவதற்கல்ல, பார்ப்பதற்காகவே மியூசியம் இருக்கின்றது. போய்ப் பாருங்கள், நாம் சொன்னது தப்பாயிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.